நவாஹோ சங்கேதம்: யாருக்கும் புரியாத மொழி என்பது மட்டும்தான் காரணமா?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா நவாஹோ பழங்குடி மக்களின் மொழியில் செய்தி அனுப்பி ஜப்பானியரைத் திணறடித்தது என்கிறார்கள். எதிரிக்குத் தெரியாத ஒரு மொழியில் பேசினால் அது வெறும் பேச்சுதானே, அதை ஏன் சங்கேதம் என்று சொல்ல வேண்டும், அந்த வீரர்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஏன் வெளியே தெரியவில்லை என்பதுதான் கேள்வி. முதல் பகுதிக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடலாம். நவாஹோ மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரைப் பிடித்துவந்து அந்தச் செய்திகளைக் கேட்க வைத்தாலும் அவருக்குப் பொருள் விளங்கியிருக்காது. இது ஊகமன்று, அப்படிப் பிடிபட்ட ஒருவரை ஜப்பானியர்கள் சித்திரவதை செய்தும் ஒன்றும் கிடைக்காமல் போனார்கள். எனவே அந்த வெற்றியில் மொழிக்கு இருந்த பங்கைக் காட்டிலும், அந்த மொழியின் மேல் 29 இளைஞர்கள் கட்டியெழுப்பிய அமைப்புக்கு இருந்த பங்கு பெரிது என்பது என் கருத்து.

பசிபிக் போர்முனையில் என்ன தேவைப்பட்டது என்பதைப் பார்த்தால்தான் இது விளங்கும். அங்கே போர் நடந்தது தீவுகளில். கரையிறங்கும் மரைன் படையினர் தங்களுக்குப் பின்னால் கடலில் நிற்கும் போர்க்கப்பல்களின் பீரங்கிகளையும், மேலே பறக்கும் விமானங்களையும், பக்கத்துப் படைப்பிரிவையும் ரேடியோ வழியாகத்தான் ஒருங்கிணைக்க வேண்டியிருந்தது. இந்த இடத்தில் குண்டு போடுங்கள், எங்கள் வலப்பக்கத்தில் இயந்திரத் துப்பாக்கி இருக்கிறது, நாங்கள் இத்தனை கெஜம் முன்னேறிவிட்டோம் என்பன போன்ற செய்திகளின் ஆயுள் சில நிமிடங்களே. அவற்றைச் சங்கேத எந்திரத்தில் அடித்து, எழுத்துக் குவியலாக மாற்றி, அனுப்பி, மறுமுனையில் திரும்பவும் பிரித்து வாசிப்பதற்குள் களத்தின் நிலை மாறிவிடும். மூன்று வரிச் செய்தி ஒன்றுக்கு அன்றைய எந்திரங்கள் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவசரத்தில் வெறும் ஆங்கிலத்தில் பேசினாலோ, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலேயே படித்துத் திரும்பிய ஜப்பானியர்கள் மறுபக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டதோடு நிற்காமல் அமெரிக்கர் போலவே பேசிப் போலி உத்தரவுகளையும் இடையில் நுழைத்தார்கள். ஆக, பாதுகாப்பான வழி மெதுவானதாகவும், வேகமான வழி திறந்து கிடப்பதாகவும் இருந்தது. இரண்டையும் ஒருசேரத் தரக்கூடிய ஏதோ ஒன்று தேவைப்பட்டது.

பழங்குடி மொழியைப் போரில் பயன்படுத்தும் எண்ணம் அப்போது புதிதன்று. முதல் உலகப் போரின் கடைசி மாதங்களில், 1918 அக்டோபரில், பிரான்சின் மியூஸ்-ஆர்கோன் போர்முனையில் அமெரிக்காவின் 36-ஆம் டிவிஷனைச் சேர்ந்த சாக்டா வீரர்கள் களத் தொலைபேசியில் தங்கள் மொழியில் செய்தி சொன்னார்கள். ஜெர்மானியர்கள் தொலைபேசிக் கம்பிகளை ஒட்டுக்கேட்டு ஒவ்வொரு நகர்வையும் முன்கூட்டியே அறிந்துகொண்டிருந்த நேரம் அது. சாக்டா மொழியில் படைச் சொற்கள் இல்லாததால் பீரங்கிக்குப் 'பெரிய துப்பாக்கி' என்றும், இயந்திரத் துப்பாக்கிக்கு 'வேகமாகச் சுடும் சின்னத் துப்பாக்கி' என்றும் பெயர் வைத்துக்கொண்டார்கள்; பட்டாலியன்களை மக்காச்சோள மணிகளால் எண்ணினார்கள். போர் அடுத்த மாதமே முடிந்துவிட்டதால் அந்த முயற்சி அவசரத்துக்குக் கைகொடுத்த ஓர் ஏற்பாடு என்ற அளவிலேயே நின்றது.

அதை முறையான திட்டமாக மரைன் படையிடம் கொண்டுபோனவர் பிலிப் ஜான்ஸ்டன். கிறித்தவ மதபோதகர் ஒருவரின் மகனாக நவாஹோ நிலப்பகுதியில் வளர்ந்தவர், முதல் உலகப் போரில் பணியாற்றியவர், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பொறியாளராக வேலை பார்த்தவர். நவாஹோ சிறுவர்களோடு விளையாடியே அந்த மொழியைக் கற்றுக்கொண்ட வெகுசில வெள்ளையர்களில் அவரும் ஒருவர். 1901-இல், ஒன்பது வயதுச் சிறுவனாக, குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்டைச் சந்திக்கச் சென்ற நவாஹோ தலைவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போயிருக்கிறார். பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு, சான் டியாகோ அருகிலுள்ள எலியட் முகாமில் மரைன் தகவல்தொடர்பு அதிகாரி ஜேம்ஸ் ஜோன்ஸிடம் தம் யோசனையைச் சொன்னார். 1942 பிப்ரவரி இறுதியில், சில நவாஹோ ஆண்களை அழைத்துவந்து, தளபதி கிளேட்டன் வோகலின் முன்னிலையில் செய்முறை விளக்கம் நடத்தினார். ஓர் அறையிலிருந்து ஆங்கிலச் செய்தியை நவாஹோவில் சொன்னார்கள். அடுத்த அறையில் அது ஆங்கிலமாகத் திரும்பி வந்தது. மார்ச் 6 அன்று வோகல் 200 பேரைச் சேர்க்கப் பரிந்துரைத்துக் கடிதம் எழுதினார். தலைமையகம் எச்சரிக்கையாக, சோதனை முயற்சிக்கு 30 பேருக்கு மட்டும் அனுமதி அளித்தது.

இங்கே ஒரு திருத்தம் தேவை. பல கட்டுரைகள் ஜான்ஸ்டனையே இந்தச் சங்கேதத்தை உருவாக்கியவராக எழுதுகின்றன. யோசனையும் பின்னாளில் பயிற்சிப் பள்ளி நிர்வாகமும் அவருடையவை. சங்கேதம் அவருடையது அன்று. அதை உருவாக்கியவர்கள் 1942 மே மாதம் நியூ மெக்சிகோவின் விங்கேட் கோட்டையில் உறுதிமொழி எடுத்துக்கொண்டு வந்த 29 நவாஹோ இளைஞர்கள்தாம். அவர்கள் 382-ஆம் பிளட்டூனாக சான் டியாகோவில் அடிப்படைப் பயிற்சி முடித்தார்கள். ஆடு மேய்த்துப் பாலைவனத்தில் நடந்து பழகியவர்களுக்கு அந்தப் பயிற்சி பெரிய சுமையாக இருக்கவில்லை. பிறகு எலியட் முகாமில், தங்கள் மொழியில் ஒரு போர்ச் சங்கேதத்தை உருவாக்கும்படி அவர்களிடம் சொல்லப்பட்டது. அவர்களில் எவரும் சங்கேதவியல் படித்தவரல்லர்.

அந்த 29 பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பது இந்தக் கதைக்கு வெளியே உள்ள செய்தி அன்று. 1864-இல் அமெரிக்கப் படை நவாஹோ மக்களை வீடுகளையும் பழமரங்களையும் அழித்து விரட்டி, நூற்றுக்கணக்கான மைல்கள் நடக்கவைத்து, சம்னர் கோட்டைப் பகுதியில் அடைத்து வைத்தது. 1868 உடன்படிக்கைக்குப் பிறகே அவர்கள் தங்கள் நிலத்துக்குத் திரும்பினார்கள். அதன் பின் வந்தவை விடுதிப் பள்ளிகள். குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, முடியை வெட்டி, ஆங்கிலப் பெயர் சூட்டி, தாய்மொழியில் ஒரு வார்த்தை பேசினாலும் தண்டிப்பது அரசின் கொள்கையாகவே இருந்தது. 29 பேரில் ஒருவரான செஸ்டர் நெஸ், நவாஹோவில் பேசியதற்காகத் துணி துவைக்கும் சோப்பைக் கொண்டு வாயைத் தேய்த்துக் கழுவினார்கள் என்று நினைவுகூர்ந்திருக்கிறார். இன்னொருவரான கார்ல் கோர்மன், மிஷன் பள்ளியில் தம் மொழியை விட மறுத்ததற்காகச் சங்கிலியால் இரும்புக் குழாயில் கட்டிவைக்கப்பட்டவர். போரில் சேர்ந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. வயதைக் குறைத்துச் சொல்லித்தான் சேர்ந்தார். வேறு சிலர் பதினைந்து, பதினாறு வயதில் வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தார்கள்.

அந்தப் பள்ளிகள் எதை அழிக்க நினைத்தனவோ அதை அரசே பிறகு தேடி வந்தது என்ற முரணைப் பலரும் எழுதிவிட்டார்கள். அதில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு கூறு உண்டு. இந்தச் சங்கேதம் இயங்குவதற்கு நவாஹோ அறிவு எவ்வளவு தேவையோ அவ்வளவு ஆங்கில அறிவும் தேவை. நவாஹோ மட்டும் தெரிந்த ஒரு மேய்ப்பரால் அதைக் கையாண்டிருக்க முடியாது. இரண்டு மொழிகளிலும் கணப்பொழுதில் உள்ளே போய் வெளியே வரக்கூடியவர்கள் வேண்டும். ஆங்கிலத்தை அந்தப் பள்ளிகள் திணித்தன. நவாஹோவை அந்தப் பள்ளிகளுக்குத் தெரியாமல் மாணவர்கள் காப்பாற்றி வைத்திருந்தார்கள். இவை இரண்டும் ஒரே தலைமுறையில் சந்தித்ததால்தான் இது சாத்தியமாயிற்று.

இனி சங்கேதத்தின் உள்ளமைப்பு. அதில் இரண்டு அடுக்குகள் இருந்தன. முதல் அடுக்கு, அடிக்கடி வரும் படைச் சொற்களுக்கான பட்டியல். தொடக்கத்தில் இருநூறுக்குச் சற்று மேற்பட்ட சொற்கள் இருந்தன. போர் முடியும்போது நானூறைத் தாண்டிவிட்டன. எளிதில் மனத்தில் பதியும்படி, நவாஹோ நிலத்தில் அன்றாடம் கண்ட பொருள்களிலிருந்தே அவற்றை எடுத்தார்கள். போர் விமானம் 'தாஹேதிஹி', அதாவது தேன்சிட்டைப் போன்ற சின்னஞ்சிறு ரீங்காரப் பறவை. குண்டுவீச்சு விமானம் பிணந்தின்னிக் கழுகு, கண்காணிப்பு விமானம் ஆந்தை. குண்டுகள் முட்டைகள். கையெறி குண்டு 'நிமாசி', உருளைக்கிழங்கு. டாங்கி ஆமை. போர்க்கப்பல் 'லோட்சோ' என்னும் திமிங்கிலம், க்ரூஸர் சின்னத் திமிங்கிலம், நாசகாரிக் கப்பல் சுறா, நீர்மூழ்கிக் கப்பல் 'பெஷ்லோ' என்னும் இரும்பு மீன், விமானம் தாங்கிக் கப்பல் பறவை சுமப்பது. படைப்பிரிவுகளுக்குத் தங்கள் குலப் பெயர்களைக் கொடுத்தார்கள்: டிவிஷனுக்கு உப்புக் குலம், பிளட்டூனுக்குச் சேற்றுக் குலம். அதிகாரிகளை அவர்கள் தோளில் அணிந்த சின்னத்தைக் கொண்டு குறித்தார்கள். கர்னல் வெள்ளிக் கழுகு, மேஜர் ஜெனரல் இரு நட்சத்திரம்.

நாடுகளுக்கும் பெயர் வைத்தார்கள். அமெரிக்கா 'நேஹேமா', எங்கள் தாய். ஜெர்மனி இரும்புத் தொப்பி. ஆஸ்திரேலியா மடித்த தொப்பி. பிரிட்டன் நீர்களுக்கு நடுவே உள்ளது. நம் நாட்டுக்கும் அந்தப் பட்டியலில் இடம் இருந்தது: இந்தியா என்பதற்கு 'ஆலேகை', வெள்ளை உடை. ஜப்பானுக்கு அவர்கள் வைத்த பெயர் கண்ணின் சாய்வைக் கேலி செய்வது. அந்தக் காலத்துப் போர் மனநிலையின் முத்திரை அதில் இருக்கிறது, அதை மூடிமறைக்க வேண்டியதில்லை.

பட்டியலில் இல்லாத சொற்களை, குறிப்பாக இடப்பெயர்களையும் ஆட்பெயர்களையும், என்ன செய்வது? அதற்குத்தான் இரண்டாம் அடுக்கு. ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் அந்த எழுத்தில் தொடங்கும் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் நவாஹோ பெயரைச் சொல்வது. எறும்புக்கு ஆங்கிலத்தில் ஆன்ட். அது ஏ என்ற எழுத்தில் தொடங்குகிறது. ஆகவே ஏ என்பதைக் குறிக்க எறும்பின் நவாஹோ பெயரான 'வோலாச்சீ' என்று சொல்ல வேண்டும். கேட்பவர் நவாஹோவிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, அதன் முதல் எழுத்தைப் பிரித்து, அடுத்த சொல்லுக்குப் போக வேண்டும். இதெல்லாம் சொல் காதில் விழுந்த வேகத்திலேயே நடக்க வேண்டும்.

இந்த இரண்டாம் அடுக்கில் ஓர் ஓட்டை இருந்தது. ஆங்கிலத்தில் சில எழுத்துகள் மிக அதிகமாகவும் சில மிகக் குறைவாகவும் வரும். திரும்பத் திரும்ப வரும் ஒலியை எண்ணிக்கொண்டே போனால், பொருள் தெரியாமலேயே எது எந்த எழுத்து என்று கண்டுபிடித்துவிடலாம். சங்கேதம் உடைப்பவர்களின் மிகப் பழைய கருவி இதுதான். இதை உணர்ந்து, அதிகம் வரும் ஆறு எழுத்துகளுக்கு மேலும் இரண்டிரண்டு சொற்களும், அடுத்த நிலையில் உள்ள ஆறு எழுத்துகளுக்கு மேலும் ஒவ்வொரு சொல்லும் சேர்த்தார்கள். இருபத்தாறாக இருந்த எழுத்துச் சொற்கள் நாற்பத்து நான்காயின. ஏ என்பதற்கு எறும்பு, ஆப்பிள், கோடரி என மூன்றில் எதையும் சொல்லலாம். பேசுபவர் மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். இவோ ஜிமா தீவின் சுரிபாச்சி மலையின் பெயரைச் செம்மறி, மாமன், கிடா, பனிக்கட்டி, கரடி, எறும்பு, பூனை, குதிரை, அரிப்பு என்று சொன்னார்கள். அந்தப் பெயரில் ஐ என்ற எழுத்து இரண்டு முறை வருகிறது. முதல் முறை பனிக்கட்டி, இரண்டாம் முறை அரிப்பு. ஒரே பெயருக்குள்ளேயே ஒரே ஒலி திரும்ப வராதபடி பார்த்துக்கொண்டார்கள் என்பதுதான் அவர்கள் வேலையின் தரம்.

இப்போது மொழிக்கு வருவோம். நவாஹோ அதபாஸ்கன் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் உறவுகள் அப்பாச்சே மொழிகளிலும், வெகுதொலைவில் அலாஸ்கா, கனடாப் பகுதிகளிலும் உள்ளன. உயிரொலியின் ஏற்ற இறக்கம் பொருளை மாற்றும், மூக்கொலி உண்டு, தொண்டையை இறுக்கி வெடித்து வரும் மெய்யொலிகள் உண்டு. வினைச்சொல்லின் அமைப்பு இன்னும் கடினம்: ஒரு பொருளைக் கையாள்வதைச் சொல்லும்போது, அந்தப் பொருள் உருண்டையானதா, நீளமானதா, துணிபோல் வளைவதா, கூழ்போன்றதா என்பதற்கேற்ப வினையின் வேரே மாறும். சிறுவயதிலிருந்து பேசாதவர்கள் இதைப் பேசக் கற்பது கிடக்கட்டும், காதில் விழுந்ததை எழுதிக்கொள்வதே பெரும்பாடு. ஒட்டுக்கேட்பவர் ஒரே சொல்லை இரண்டு முறை கேட்டு இரண்டு விதமாக எழுதினால், எண்ணிப் பார்த்து உடைக்கும் முறை தொடக்கத்திலேயே தோற்றுப்போகும். அன்று அந்த மொழிக்குப் பரவலான எழுத்து வழக்கமும் இல்லை. நல்ல அகராதி ஒன்று 1943-இல்தான் வெளிவந்தது. வெளியாட்களில் அதை அறிந்தவர்கள் முப்பது பேர்கூட இருக்க மாட்டார்கள் என்று ஜான்ஸ்டன் மரைன் படையிடம் சொன்னார். பேசுவோர் தொகை ஐம்பதாயிரம் அளவில் இருந்ததால் ஆட்களைத் திரட்டுவதிலும் சிரமம் இல்லை. மிகச் சிறிய பழங்குடிகளிடம் இந்த வசதி இல்லை.

ஆனாலும் மொழியின் கடினம் மட்டுமே காவலாக இருந்திருந்தால், ஒரே ஒரு கைதி போதும் அதைக் கவிழ்க்க. அப்படி ஒரு கைதி ஜப்பானியரிடம் இருந்தார். நியூ மெக்சிகோவைச் சேர்ந்த ஜோ கீயூமியா என்ற நவாஹோ வீரர் 1942-இல் பிலிப்பைன்ஸ் வீழ்ந்தபோது பிடிபட்டவர். போர்க்கைதிகளை நெடுந்தூரம் நடக்கவைத்தே பலரைச் சாகடித்த பாட்டான் மரண நடைப்பயணத்தில் உயிர் பிழைத்தவர். ரேடியோவில் கேட்கும் புதிர்மொழி நவாஹோ என்று தெரிந்ததும் அவரிடம் பொருள் கேட்டுக் கொடுமைப்படுத்தினார்கள். சொற்கள் ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிந்தவைதான். ஆனால் ஆமையும் உருளைக்கிழங்கும் கிடாவும் பனிக்கட்டியும் இலக்கணத் தொடர்பின்றி வரிசையாக வந்தால் யாருக்குத்தான் என்ன புரியும்? அவர் அந்தப் பயிற்சி பெற்றவரல்லர். அப்படி ஒரு திட்டம் இருப்பதே அவருக்குத் தெரியாது. கேள்வியின் முதல் பகுதிக்கு இதைவிடத் தெளிவான சான்று வேறு வேண்டியதில்லை.

சங்கேதப் புத்தகம் எதுவும் களத்துக்குப் போகவில்லை என்பதும் முக்கியம். அச்சிட்ட பட்டியல் பயிற்சி முகாமோடு சரி. வீரர்கள் அனைத்தையும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். பிணத்திலிருந்தோ கைவிடப்பட்ட பெட்டியிலிருந்தோ எதிரிக்குக் கிடைக்க எதுவும் இல்லை. வாய்மொழியாகவே கதைகளையும் நீண்ட சடங்குப் பாடல்களையும் காத்துவந்த ஒரு சமூகத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த மனப்பாடம் இயல்பாக வந்தது என்பதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஒரு முழுச் செய்தியைத் தாளில் குறிக்காமலேயே கேட்டு, நினைவில் நிறுத்தி, திருப்பிச் சொல்லும் பழக்கம் பயிற்சியின் பெரும் பகுதி. எந்திரம் அரை மணி நேரம் எடுத்த அதே மூன்று வரிச் செய்தியை அவர்கள் இருபது நொடிகளில் அனுப்பி, பெற்று, ஆங்கிலமாக்கினார்கள் என்று பதிவாகியிருக்கிறது.

29 பேரில் இருவர் பயிற்சியாளர்களாகத் தங்கிவிட, மற்றவர்கள் போர்முனைக்குச் சென்றார்கள். குவாடல்கனால் தீவில் 1942 இறுதியில் முதல் குழு இறங்கியபோது அவர்களைச் சந்தேகத்தோடுதான் வரவேற்றார்கள். நவாஹோ ஒலி ரேடியோவில் வந்ததும், ஜப்பானியர்கள் தங்கள் அலைவரிசையைப் பிடித்துவிட்டதாக மற்ற அமெரிக்க ரேடியோ இயக்குநர்கள் பதறிய நிகழ்வும் உண்டு. தோற்றத்தைக் கண்டு ஜப்பானிய வீரர் என்று நினைத்துத் தங்கள் படையினரே துப்பாக்கி முனையில் நிறுத்திய நிகழ்வுகளும் உண்டு. இதனாலேயே சிலருக்குக் காவலாக ஒரு வெள்ளை வீரரைச் சேர்த்து அனுப்பினார்கள். வேலை இரண்டு பேராக நடந்தது. ஒருவர் கைப்பிடியைச் சுழற்றி ரேடியோவுக்கு மின்சாரம் தருவார், மற்றவர் பேசுவார். எதிரி ஒலியின் திசையைக் கண்டுபிடித்துக் குண்டு வீசுவதற்குள் இடம் மாறிவிட வேண்டும்.

சைப்பான் தீவில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி, இந்தச் சங்கேதத்துக்கு இன்னொரு பயனும் இருந்ததைக் காட்டுகிறது. ஜப்பானியர்கள் விட்டுச் சென்ற நிலையை மரைன் படையினர் இரவோடு இரவாகப் பிடித்துக்கொண்டார்கள். அதை அறியாத அமெரிக்கப் பீரங்கிகளே அவர்கள்மேல் சுட்டன. இங்கே இருப்பது நாங்கள்தான் என்று ஆங்கிலத்தில் எவ்வளவு கத்தியும் தலைமையகம் நம்பவில்லை. ஜப்பானியர்கள் அப்படிப் பேசி ஏமாற்றியது பல முறை நடந்திருக்கிறது. கடைசியில் தலைமையகம், உங்களோடு நவாஹோ யாராவது இருக்கிறாரா என்று கேட்டது. ஒருவர் பேசினார், பீரங்கிகள் ஓய்ந்தன. செய்தியை மறைப்பதோடு, செய்தி அனுப்புபவர் யார் என்பதற்கு உறுதியும் தந்தது அந்தக் குரல். எதிரியால் புரிந்துகொள்ள முடியாததை எதிரியால் போலியாகப் பேசவும் முடியாது. மறைப்பதைப் பற்றி எழுதுபவர்கள் இந்த இரண்டாவது பயனை ஏனோ பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. களத்தில் நின்றவனுக்கு இதன் மதிப்பு குறைந்ததன்று.

இவோ ஜிமாவில்தான் அவர்கள் வேலை உச்சத்தைத் தொட்டது. 1945 பிப்ரவரி 19 அன்று தொடங்கிய அந்தப் போரில், 5-ஆம் மரைன் டிவிஷனின் தகவல்தொடர்பு அதிகாரி மேஜர் ஹோவர்ட் கானரின் கீழ் ஆறு நவாஹோ வீரர்கள் முதல் இரண்டு நாள்களும் இரவு பகலாக வேலை செய்து, எண்ணூறுக்கும் மேற்பட்ட செய்திகளைப் பிழையின்றிக் கையாண்டார்கள். நவாஹோ வீரர்கள் இல்லாவிட்டால் மரைன் படை இவோ ஜிமாவைப் பிடித்திருக்காது என்று கானர் பிறகு சொன்னார். போர் முடியும் வரை நானூறு பேர் அளவில் இந்தப் பயிற்சி பெற்றிருந்தார்கள். அமெரிக்கத் தரைப்படையின் சங்கேதங்களையும் விமானப் பிரிவின் சங்கேதங்களையும் உடைத்த தங்களால் மரைன் படையினுடையதை மட்டும் உடைக்க முடியவில்லை என்று ஜப்பானிய உளவுத்துறைத் தலைவராக இருந்த செய்ஸோ அரிசூயே போருக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்.

இந்தப் புகழோடு ஒட்டிக்கொண்ட சில மிகைகளையும் நீக்கிவிடலாம். 'வரலாற்றிலேயே உடைக்கப்படாத ஒரே சங்கேதம்' என்று எழுதுகிறார்கள். அமெரிக்காவின் உயர்மட்டச் செய்திகளுக்குப் பயன்பட்ட சிகாபா எந்திரமும் அந்தப் போரில் உடைக்கப்பட்டதாகத் தெரியவில்லை. எந்திரம் போக முடியாத இடத்தில் நவாஹோ வேலை செய்தது என்று சொல்வதே சரி. இன்னொன்று, பிடிபடும் நிலை வந்தால் நவாஹோ வீரரைச் சுட்டுவிட வேண்டும் என்று காவலர்களுக்கு உத்தரவு இருந்தது என்ற கதை. 2002-இல் வந்த ஹாலிவுட் படம் ஒன்று அதைப் பரப்பியது. மரைன் படை அதை மறுத்திருக்கிறது. அப்படி ஓர் எழுத்துபூர்வ உத்தரவு வெளிவந்ததும் இல்லை. மூன்றாவதாக, பழங்குடி மொழிகளில் இதைச் செய்தவர்கள் நவாஹோ மட்டும் அல்லர். கொமான்சே வீரர்கள் 1944-இல் நார்மண்டியின் யூட்டா கடற்கரையில் இறங்கினார்கள்; குண்டுவீச்சு விமானத்துக்கு அவர்கள் வைத்த பெயர் கர்ப்பிணி விமானம், ஹிட்லருக்கு வைத்த பெயர் பைத்தியக்கார வெள்ளையன். மெஸ்குவாக்கி வீரர்கள் எட்டுப் பேர் வட ஆப்பிரிக்காவில் பணியாற்றினார்கள். ஹோப்பி மொழியும் பயன்பட்டது; கனடாவின் க்ரீ மக்களும் தங்கள் மொழியில் இதே வேலையைச் செய்தார்கள்.

கேள்வியின் இறுதிப் பகுதி, ஏன் இத்தனை கால மௌனம் என்பது. காரணம் அரசின் கணக்குதான். எதிரி உடைக்காத ஒரு முறையை அடுத்த போருக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று திட்டத்தை ரகசியப் பட்டியலிலேயே வைத்தார்கள். வீட்டிலும் சொல்லக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பெரும்பாலோர் மனைவி மக்களிடம்கூட, ரேடியோ வேலை பார்த்தோம் என்பதற்கு மேல் பேசவில்லை. இதன் விளைவு சின்னதன்று. மற்றப் படைவீரர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லிக்காட்டி மரியாதையும் வேலையும் பெற்ற காலத்தில், இவர்களுக்குக் காட்ட எதுவும் இல்லை. 1924-லேயே சட்டப்படி குடியுரிமை பெற்றிருந்தும், அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் தனி நிலப்பகுதியில் வாழும் பழங்குடியினருக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்தது. 1948-இல் நீதிமன்றத் தீர்ப்புகள் வந்த பிறகே அது கிடைத்தது. யூட்டா மாநிலத்தில் 1957 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எதிரி ரேடியோவைக் குழப்பியவர்கள் சொந்த ஊரில் வாக்குச்சாவடிக்குள் போக முடியவில்லை.

பேச முடியாமையால் வந்த இன்னொரு துன்பமும் உண்டு. இறந்தவரின் உடலைத் தொடுவதையும் நெருங்குவதையும் நவாஹோ மரபு கடுமையாக விலக்குகிறது. பிணங்களுக்கு நடுவே மாதக்கணக்கில் வாழ்ந்துவிட்டு வந்தவர்களுக்குக் கனவுகளில் அந்த முகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. எதிரியின் சாவோடு தொடர்புகொண்டு திரும்பும் வீரரை மீட்பதற்கென்றே பல நாள்கள் நடக்கும் ஒரு சடங்கு அவர்களிடம் உண்டு. செஸ்டர் நெஸ் உட்படப் பலருக்குக் குடும்பத்தார் அதைச் செய்வித்தார்கள். போரில் என்ன வேலை செய்தோம் என்பதைச் சொல்லாமலேயே அதற்கான பரிகாரத்தைப் பெற வேண்டிய நிலை அது. நெஸ் பிறகு கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்தார். உதவித்தொகை தீர்ந்ததால் பாதியில் நிறுத்தி, ஆல்புகர்க்கி நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழகம் அவருக்கு 2012-இல்தான் வழங்கியது. 2014 ஜூனில் அவர் இறந்தபோது முதல் 29 பேரில் எவரும் மிஞ்சவில்லை.

ரகசியத் தடை 1968-இல் நீங்கியது. கணிப்பொறிகளும் புதிய எந்திரங்களும் வந்துவிட்டதால் அதைக் காத்து வைப்பதில் பயன் இல்லாமல் போயிருந்தது. அடுத்த ஆண்டு சிகாகோவில் 4-ஆம் மரைன் டிவிஷனின் சந்திப்பில் முதன்முதலாகப் பொதுவெளியில் அவர்களைக் கௌரவித்தார்கள். 1982-இல் குடியரசுத் தலைவர் ரீகன் ஆகஸ்ட் 14-ஐ அவர்களுக்குரிய நாளாக அறிவித்தார். நாடாளுமன்றத் தங்கப் பதக்கத்துக்கான சட்டம் 2000 டிசம்பரில் நிறைவேறி, 2001 ஜூலையில் வாஷிங்டனில் ஜார்ஜ் புஷ் அதை வழங்கியபோது முதல் 29 பேரில் ஐவரே உயிரோடு இருந்தார்கள். அவர்களில் நால்வரால் நேரில் வர முடிந்தது. அவர்களுக்குப் பின் வந்தவர்களுக்கு அதே ஆண்டு நவம்பரில், நவாஹோ தேசத்தின் தலைநகரான விண்டோ ராக்கில், வெள்ளிப் பதக்கங்கள் கிடைத்தன. மற்றப் பழங்குடிகளுக்கு 2008-இல் தனிச் சட்டம் வந்து, 2013 நவம்பரில் 33 பழங்குடிகளுக்குப் பதக்கம் வழங்கப்பட்டது. சாக்டா, கொமான்சே வீரர்களைப் பொறுத்தவரை வெளிநாடு முந்திக்கொண்டது: யாருடைய மண்ணில் அவர்கள் பேசினார்களோ அந்தப் பிரான்ஸ், 1989-லேயே தன் தேசிய விருதை அவர்களுக்கு அளித்திருந்தது.